மிசின் மேசையில் நிறைகுடம்

எங்கள் வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கராஜுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற மில்லிங் மிசினைக் கண்டதும் கண் விரியும். பிறகு, அதன் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நிற்கிற என்னைத் தாண்டி, வாசலில் வீட்டுச் செருப்போடு நிற்கிற என் கணவரிடம் கேட்பார்கள்: "அண்ணை, இதிலை என்ன செய்யலாம்?"

என் கணவருக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணக்கு வேலை. வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். "இவவைக் கேளுங்கோ, இது இவவின்ரை மிசின்" என்று அவர் சொல்லுவார். நல்ல பகிடி கேட்டதுபோல அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். விலகி உள்ளே போய்விடுவேன். நான் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெண்கள் மட்டும் திறமோ? மில்லிங் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஓர் அன்ரி, "அப்ப மிளகாய்த்தூளும் திரிக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டா. அவவிலாவது எனக்குக் கோபம் வரவில்லை. அவ என்னைப் பார்த்துக் கேட்டா.

இது மிளகாய் திரிக்கிற மிசின் இல்லை. நீண்ட இரும்பு மேசை ஒன்று. அதன்மேல் இறுக்கிப் பிடிக்கிற உலோகக் கட்டையை, மேலே சுழலுகிற வெட்டும் ஆயுதம் சீவி எடுக்கும். மேசையை இடம் வலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்தக் கைச்சக்கரங்கள் உண்டு. தலைமயிரைவிட மெல்லிய அளவுக்குச் சரியாக வெட்டலாம். ஆனால் எல்லாம் அந்த மேசையில்தான் இருக்கிறது. மேசை சமமாக, வழவழப்பாக, ஒரு கீறல் ஒரு தூசி இல்லாமல் இருக்கவேண்டும். அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

இந்த வேலையை நான் ஊரில் படித்துவிட்டு வரவில்லை. மெல்பேண் மேற்கில் பம்புகளுக்குப் பாகங்கள் செய்கிற பக்டரி ஒன்றில் பெட்டி கட்டுகிற ஆளாகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் மிசினுக்கு ஆள் வரவில்லை. போர்மன் சுற்றிப் பார்த்தான், சும்மா நின்றது நான்தான். "கொஞ்ச நேரம் இந்தச் சக்கரத்தைச் சுத்து" என்றான். கொஞ்ச நேரம் வருடங்களாகிப் போனது. மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தேன். அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண் நான், ஒரே தமிழும் நான். முதல் மாதம் முழுக்க என்னைத் துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்து, குப்பை வாளி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2011ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பக்டரியை மூடினார்கள். டொலர் ஏறிப்போய், இங்கே செய்வதைவிட வெளியில் வாங்குவது மலிவு என்றாகிவிட்ட காலம். எங்கள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாளில் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு கேக்கும் பிளாஸ்ரிக் தட்டும் தந்தார்கள். நான் அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை, குப்பையில் போட்டேன். அவர்கள் பார்க்கத்தான் போட்டேன்.

மிசின்களை ஏலத்தில் விற்றார்கள். நான் வேலை செய்த மிசினும் அதில் இருந்தது. எங்களை வேலையால் நிற்பாட்டியபோது தந்த காசிலிருந்து அதை வாங்கினேன். அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும். வேறொருவன் அதைக் கொண்டுபோய் மூலையில் போட்டுத் துருப்பிடிக்க விடுவதை நினைக்கவே முடியவில்லை.

என் கணவர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிறவர் இல்லை, அதுதான் அவரோடு உள்ள பிரச்சினை. மறுத்தது அவருடைய அக்கா. எனக்கு மச்சாள். ட்ருகனினாவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அவவும் இருந்தா. சண்டைக் காலத்தில் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவ, பிறகு அவரை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவ. அதனால் எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் தட்டாமல் திறக்கிற உரிமை அவவுக்கு உண்டு.

"அப்ப தம்பியின்ரை காரை எங்கை விடுறது?" என்று கேட்டா.

"வெளியிலை விடலாம் மச்சாள்."

"இரும்புக்குக் கூரை, காருக்கு மழையோ? சனம் சிரிக்கப்போகுது."

சனம் சிரித்தது உண்மைதான். கிரேன் லொறியில் மிசின் வந்து இறங்கிய அன்று, புதிதாகக் கட்டிய வீடுகளின் வாசல்களில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். கராஜ் கதவு தாழ்வு, மிசின் உயரம். அதன் தலையைச் சாய்த்து, அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக உருட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. என்னோடு வேலை இழந்த வியட்நாம்காரர் ஒருவரும் மோல்ட்டாக்காரர் ஒருவரும் வந்து உதவினார்கள். மூன்று பேரும் மூன்று விதமான ஆங்கிலத்தில் கத்திக்கொண்டோம். என் கணவர் வாசலில் நின்று, "கவனம், கவனம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முதலில் மிசினைச் சமமாக நிறுத்தினேன். கராஜ் நிலம் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவு. மட்டம் பார்க்கிற குமிழியை மேசையில் வைத்து, நான்கு கால்களின் கீழும் தகடு தகடாகக் கொடுத்து, குமிழி நடுவில் வந்து அசையாமல் நிற்கும்வரை விடவில்லை. அடுத்தது மின்சாரம். பக்டரியில் மூன்று கம்பியில் வருகிற மின்சாரம் வீட்டில் ஒரு கம்பியில்தான் வரும், மோட்டார் சுற்றாது. அதற்கென்று இன்வேர்ட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை வாங்கி, உரிமம் உள்ள மின்சாரக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டினேன். அவர் வந்ததும் "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டார். "உங்கள் முன்னால் நிற்கிறார்" என்றேன்.

மிசின் பழையது. கைச்சக்கரத்தைத் திருப்பும்போது, மேசை அசைவதற்கு முன் சக்கரம் கொஞ்சம் சும்மா சுற்றும். அந்த வெறும் சுற்றை மனதில் வைத்துக் கழித்துத்தான் வெட்டவேண்டும். பல வருடம் அப்படித்தான் வெட்டினேன். இனி அந்தப் பாடு வேண்டாம் என்று, மேசை எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தானே அளந்து எண்ணில் காட்டுகிற கருவி ஒன்றை வாங்கினேன். மேசையின் முதுகில் கண்ணாடி அளவுகோல் ஒன்று, அதை வாசிக்கிற தலை ஒன்று, கண்ணுக்கு நேரே எண் எரிகிற பெட்டி ஒன்று. பூட்டுவதற்கு அரைக் கிழமை போனது. பச்சை எண்கள் முதல்முதலாக எரிந்து, நான் சக்கரத்தைத் தொட்டதும் ஓடத் தொடங்கியபோது, தனியே நின்று கை தட்டினேன்.

இவ்வளவும் பொழுதுபோக்குக்கு இல்லை. எங்கள் பக்டரியின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார், வெள்ளைக்காரர். நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்துகிற தூக்கிகள் செய்கிறவர். அதற்கு ஓர் இரும்புக் கட்டை வேண்டும். கட்டையின் நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஒரு தண்டவாளம் ஓடும். இறுகினால் தூக்கி நடுவழியில் நிற்கும். தளர்ந்தால் அதில் தொங்குகிற மனிதர் ஆடுவார். அந்தக் கட்டையைப் பக்டரியில் செய்துகொண்டிருந்தது நான்தான். அது அவருக்குத் தெரியும். அவரிடம் போய்க் கேட்டேன். இரண்டு வெறும் கட்டைகளைத் தந்து, "திங்கட்கிழமை காலை ஒன்றைச் செய்து கொண்டு வா. என் தண்டவாளத்தில் ஓடினால் வேலை முழுக்க உனக்கு. இல்லாவிட்டால் வெளிநாட்டுக்குக் கொடுக்கப்போகிறேன், அவர்கள் காத்திருக்கிறார்கள்" என்றார்.

அது கிடைக்காவிட்டால் எனக்கு என்ன என்பதும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பண்டகசாலைகள். ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி ஒன்றில் பெயர் பதிந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். செம்மஞ்சள் அங்கி போட்டு, கையில் ஸ்கானரைப் பிடித்துக்கொண்டு, அது சொல்கிற தட்டுக்கு ஓடி, அது சொல்கிற பெட்டியை எடுக்கிற வேலை. பிழையான வேலை என்று சொல்லவில்லை. எத்தனையோ எங்கள் சனம் அதில்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறது. ஆனால் நான் ஒரு மிசின்காரி. பெட்டி கட்டுவதில் தொடங்கி ஏறி வந்தவள் திரும்பப் பெட்டிக்குப் போனால் பிறகு எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு எல்லாம்.

வெள்ளிக்கிழமை காலையில் மிசினை ஒருமுறை முழுக்கச் சரிபார்த்தேன். மேசையைத் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி விட்டேன். சனிக்கிழமை வெட்டுவதாகத் திட்டம். மத்தியானத்துக்குப் பிறகு மச்சாள் வந்தா. கையில் பெரிய தட்டம், அதில் தேங்காய், பூ, வெற்றிலை, திருநீறு, சந்தனம், குங்குமம், கற்பூரம். இன்னொரு பையில் செம்பு.

"புது மிசின் தொடங்கப்போறியள், ஒரு பூசை இல்லாமலோ? தம்பிக்கு ஒரு நல்லது நடக்கவேணுமெல்லே."

தம்பிக்கு. அதை விட்டுவிட்டேன். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. ஒரு சந்தனப் பொட்டு, ஒரு பூ. பக்டரியில்கூட ஆயுத பூசைக்கு மிசின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பொட்டு வைப்பேன், போர்மன் அது என்ன கறை என்று கேட்பான்.

பிறகு மச்சாள் குரலைத் தாழ்த்திக் கேட்டா. "நீ சுகமாயிருக்கிறியோ?"

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். எனக்கு அன்று மாதவிலக்கின் முதல் நாள். பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லுகிற பழக்கம் இல்லை, அதுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. "இல்லை மச்சாள், சுகமில்லை" என்றேன்.

"அப்ப நீ அறைக்குள்ளை இரு. கொஞ்ச நேரம்தான். தம்பி வேலையாலை வந்திட்டான், நாங்கள் ரண்டு பேரும் செய்யிறம்."

சுடுதண்ணிப் பையோடு கட்டிலில் கிடந்தேன். கராஜ் பக்கம் மணிச்சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டது, செம்புக்கு ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு சுத்தியல் சத்தம். அதற்கு எழும்பிப் போயிருக்கவேண்டும்தான், ஆனால் எழும்ப முடியவில்லை. முடிந்ததும் மச்சாள் கதவுக்கு வெளியே நின்று சொன்னா: "நிறைகுடம் வைச்சிருக்கிறன். விடியுமட்டும் இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் போகாதை."

சனிக்கிழமை காலை போனேன். மேசையின் நடுவே வாழையிலை, இலையில் அரிசி, அரிசியின்மேல் தண்ணீர் நிறைந்த செம்பு, செம்பின் வாயில் மாவிலைக்குப் பதிலாக ஏதோ தோட்டத்து இலை, அதன்மேல் தேங்காய். சுற்றிவரச் சந்தனம், குங்குமம். மூலையில் கற்பூரம் எரிந்த கரி. நேற்று முகம் பார்க்கலாம் போல இருந்த மேசை செம்மஞ்சளாக இருந்தது. சந்தனம் என்று முதலில் நினைத்தேன். விரலால் தொட்டேன். துரு. மேசை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, துரு பூத்திருந்தது. குடத்தைத் தூக்கினால் அடியில் வட்டமாக இன்னும் கறுப்பாக. எண் காட்டுகிற பெட்டியைப் போட்டேன். சக்கரத்தைத் தொடாமலே எண்கள் பைத்தியம் பிடித்து ஓடின. இறுக்கிப் பிடிக்கிற வைஸின் பக்கத்தில், மேசையின் விளிம்பில், சுத்தியல் பட்ட காயம் ஒன்று. பக்கத்திலேயே என் சுத்தியல். அதில் தேங்காய்த் தும்பு.

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கணவர் ஓடி வந்தார்.

"தேங்காயை எதாலை உடைச்சனீங்கள்?"

"உம்மடை சுத்தியலாலைதான். வைஸிலை வைச்சு உடைச்சனான். ஒருக்கால் வழுக்கிப்போட்டுது. ஆனால் சரிபாதியாய் உடைஞ்சது, அக்கா நல்ல சகுனம் எண்டவா."

"மேசையிலை எண்ணெய் பூசியிருந்தனான். அது எங்கை?"

அவர் குனிந்து தேங்காய்த் தும்பைப் பொறுக்கினார். நான் திரும்பக் கேட்டேன்.

"அக்கா கழுவினவா. மஞ்சள்தண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் போட்டு."

"ஏன்?"

"நீர் காலமை தொட்டனீரெல்லே. உமக்குச் சுகமில்லைத்தானே. அப்ப நிறைகுடம் வைக்கிற இடம் எண்டு…"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். நான் தொட்டதால் துடக்கு, தீட்டு என்று கழுவியிருக்கிறார்கள். நான் நடத்திய மிசினை, நான் வாங்கிய மிசினை, நான் மட்டம் பார்த்து நிறுத்திய மிசினை, நான் தொட்டதற்காக. அந்த மிசினில் வேலை செய்த காலம் முழுக்க மாதத்தில் எல்லா நாளும் நான்தான் தொட்டேன். எந்த நாளிலும் அது வெட்டமாட்டேன் என்று சொன்னதில்லை. ஒரு நாள் சாமி தொட்டதும் ஊத்தையாகிப்போனது.

"சத்தம் போடாதையும். அக்கா ஆசைக்குச் செய்தவா" என்றார்.

"உங்களுக்கு வாய் இல்லையோ? கழுவேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார். அவர் பொய் சொல்லாத மனிதர். அந்த வாளியைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. தேடினேன், அதை மச்சாள் கொண்டுபோய்விட்டா.

போன் எடுத்தேன். மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரு, காயம், தண்ணீர் போன அளவுகோல், திங்கட்கிழமை. சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. மறுபக்கம் அழுகிற சத்தம் கேட்டது. "நான் உங்களுக்கு நல்லது நினைச்சு விரதம் இருந்து செய்தனான்" என்றா. அதுதான் என்னை இன்னும் எரித்தது. கெட்ட மனிசி என்றால் திட்டிவிட்டு மனம் ஆறலாம். விரதம் இருந்து செய்கிறவவை என்ன செய்வது? போனை வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். கணவர் பின்னால் வந்து, "அக்காவிட்டை ஒரு மன்னிப்புக் கேளும், அவ சாப்பிடாமல் இருக்கிறாவாம்" என்றார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சனிக்கிழமை முழுக்கத் துப்புரவுக்குப் போனது. துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய உரச்சல் துணியும் வைத்துத் தேய்த்தேன். தேய்த்தால் மட்டும் போதாது. கழுவின தண்ணீர் மேசையின் இடுக்குகளால் கீழே வடிந்து, திருநீற்றையும் அரிசியையும் கூட்டிக்கொண்டு, மேசை நழுவி ஓடுகிற பாதைக்குள் போயிருந்தது. அந்தப் பாதையில் எண்ணெய்தான் இருக்கவேண்டும். திருநீறு போனால் அரைத்துத் தள்ளும். மேசையைக் கழற்றினேன். அதைத் தூக்க ஆள் வேண்டும். கணவரைக் கூப்பிட்டேன். நான் சொன்ன பக்கத்தைப் பிடித்தார், நான் சொன்ன இடத்தில் வைத்தார்.  அவருடைய சேட்டில் கறுப்பாக எண்ணெய் படிந்தது. அதை நான் தோய்க்கப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே திருநீறு சேறாக ஒட்டியிருந்தது. துணியைக் குச்சியில் சுற்றி, இடுக்கு இடுக்காகத் துடைத்தேன். நெற்றியில் பூசிக்கொண்டு வளர்ந்த பொருள்தான். அன்றைக்கு அதைத் துடைக்கத் துடைக்கத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசையைத் திரும்பப் பூட்டி, முதல் கட்டையை வைத்து வெட்டினேன். எண் காட்டுகிற பெட்டி இன்னும் பைத்தியம்தான். அதை நிற்பாட்டிவிட்டு, பழையபடி சக்கரத்தின் வெறும் சுற்றைக் கழித்துக் கழித்து வெட்டினேன். வெட்டி முடித்து அளந்தால், பள்ளம் ஒரு பக்கம் ஆழம் கூட, மறுபக்கம் ஆழம் குறைவு.  இரண்டு கட்டைகளில் ஒன்று போய்விட்டது.

கராஜ் நிலத்தில் இருந்து அழுதேன். சோகத்தில் இல்லை, கோபத்தில். அழுது முடித்துவிட்டு யோசித்தேன். வைஸைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தியல் அடித்த இடத்தில் இரும்பு பக்கத்தில் துளி அளவு மேலே எழும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் உரசினால் தெரியும். துப்புரவாக்கின அவசரத்தில் அதைப் பாராமல் மேலே வைஸை வைத்து இறுக்கியிருக்கிறேன். வைஸ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எண்ணெய்க் கல்லை எடுத்து, தட்டையாகப் பிடித்து, மேசையோடு மேசையாக வரும்வரை உரசினேன். மேசையில் திரும்ப எண்ணெய் பூசினேன். கையாலேயே பூசினேன், துணியால் இல்லை. ஓர் அங்குலத்தையும் விடாமல், மேலே, ஓரம், பள்ளங்களுக்குள்ளே, எல்லா இடமும் தொட்டுப் பூசினேன்.

பிறகு இரண்டாவது கட்டை. அதை வெட்டியபோது மூச்சுவிட்ட ஞாபகம் இல்லை. முடிந்து அளந்தேன். இன்னொருமுறை அளந்தேன். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப அளந்தேன்.

திங்கட்கிழமை அந்த வெள்ளைக்காரர் கட்டையை வாங்கி, தண்டவாளத்தில் போட்டு, ஒற்றை விரலால் தள்ளினார். அது ஓடியது. திருப்பித் தள்ளினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிசின் எப்படி, வீட்டில் ஒழுங்காக இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது, இனி ஒருவரும் தொடமாட்டார்கள்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வேலையைத் தந்துவிட்டார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஏஜென்சிக்குப் போன் எடுத்து, செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்று சொன்னேன். அதைச் சொன்ன சுகம் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மச்சாளின் போன் வந்தது. கணவர் எனக்கு முன்னமே சொல்லிவிட்டார். குரலில் அழுகை இல்லை, வெற்றி இருந்தது.

"பாத்தியே, நீ என்னை என்ன பேச்சுப் பேசினனி! பூசை செய்த கையோடை வேலை வந்திட்டுது. நிறைகுடம் வைச்சது வீண் போகேல்லை. வாற ஞாயிறு பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போய், தம்பியின்ரை பேரிலை ஒரு அருச்சனை செய்துபோட்டு வருவம்."

நகரத்தின் இந்த நுனியிலிருந்து அந்த மலையடிவாரம்வரை கார் ஓடிப்போய், தம்பியின் பேரில், தம்பியின் நட்சத்திரத்தில். எனக்கு வந்த கோபத்தில் குரல் உயரவில்லை. தாழ்ந்தது.

"மச்சாள், வெள்ளிக்கிழமை எனக்குச் சுகமில்லை எண்டு சொன்னனானெல்லே?"

"ஓம், அதுக்கென்ன?"

"சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அப்பிடித்தான். நீங்கள் கழுவின மேசையை நான் முழுக்கத் திருப்பித் தொட்டனான். கழட்டி, உள்ளுக்கையும் தொட்டனான். நீங்கள் பூசை செய்தாப் பிறகு அது ஒரு கட்டையைப் பழுதாக்கிப் போட்டுது. நான் தொட்டுத் தடவினாப் பிறகுதான் மற்றக் கட்டை சரியா வந்தது. அந்த வேலை தந்த மனிசனின்ரை கையிலை இப்ப இருக்கிறது அதுதான்."

 மறுபக்கத்தில் ரிவி ஓடுவது மட்டும் கேட்டது. வெட்டிவிட்டாவோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, இருந்தா. பிறகு, அவவின் வீட்டில் அவவைத் தவிர ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில், குசுகுசுப்பாகச் சொன்னா:

"ஐயோ பிள்ளை, அதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அவவின் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, எனக்காகவும் பயந்தா என்று நினைக்கிறேன். அது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் ஆறவில்லை. அன்றைக்குப் பின்னேரமே கணவருக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பேசின் கோயில் வாசலில், அருச்சனைத் தட்டத்தோடு நின்ற, கணவர் பக்கத்து மற்ற மச்சாள்மாருக்கும் சொன்னேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்: அந்தக் கட்டையை வெட்டியது துடக்குக் கை.